வெட்டிய காலின் திசு எங்கே போனது? நாய் வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

உங்கள் நாய்க்கு எலும்புப் புற்றுநோய், காலை எடுத்தாக வேண்டும் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னால், சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். எடுக்கப்போகும் எலும்பு எந்தப் பரிசோதனைக்கூடத்துக்குப் போகிறது? அங்கே கொடுக்கும் பதிவு எண்ணை எங்களிடம் எப்போது தருவீர்கள்? நேரான பதில் வராத இடத்தில் நாயை மேசையில் ஏற்றாதீர்கள். எங்கள் கருப்பனின் காலை எடுத்தவர்கள், அந்தத் திசுவை எங்கும் அனுப்பவே இல்லை. அனுப்பியதாகச் சொல்லிப் பணம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சென்னையின் தென்பகுதியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை அது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

கருப்பன் ராட்வைலர். ஏழு வயது, நாற்பது கிலோ எடை. காலையில் அவனை நடக்க அழைத்துப் போவது என் மாமனார். இடது முன்னங்காலை ஊன்றத் தயங்குகிறான் என்று முதலில் கவனித்தவரும் அவர்தான். அருகிலிருந்த கிளினிக்கில் சுளுக்கு என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்ததும் நொண்டல் திரும்பியது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே கெட்டியாக ஒரு வீக்கம் கைக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் அந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரேயில் எலும்பின் ஒரு பகுதி அரித்துப்போயிருந்தது. அதைச் சுற்றிப் புது எலும்பு ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தது. ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றாக இருக்கும் என்றார் மருத்துவர்.

அந்தச் சந்தேகத்தில் தவறில்லை. நாய்களுக்கு எலும்பிலேயே தோன்றும் புற்றுகளில் மிகப் பெரும்பான்மை இந்த வகைதான். ராட்வைலர், கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்ற பெரிய உடல் கொண்ட இனங்களுக்கே அதிகம் வருகிறது. முன்னங்கால் என்றால் தோளுக்கு அருகிலோ மணிக்கட்டுக்கு மேலோ, பின்னங்கால் என்றால் முழங்காலை ஒட்டியோ வருவது வழக்கம். கருப்பனுக்கு எல்லாமே பொருந்தின. ஆனாலும் எக்ஸ்ரே தருவது சந்தேகத்தை மட்டும்தான். குருத்தெலும்பிலிருந்து தொடங்கும் காண்ட்ரோசார்கோமா என்ற வேறு வகைப் புற்றும் படத்தில் ஏறக்குறைய இப்படித் தெரியலாம். எலும்புக்குள் புகுந்த பூஞ்சைத் தொற்றுகூட இதே தோற்றம் காட்டும். காண்ட்ரோசார்கோமா மெதுவாகப் பரவுவது. அதற்குக் கீமோவால், அதாவது புற்றைக் கொல்ல ஏற்றும் மருந்தால், பெரிய பலன் கிடையாது. தொற்று என்றால் சிகிச்சையே வேறு. இதைப் பிரித்துச் சொல்லக்கூடியது திசுப் பரிசோதனை. அறுவைக்கு முன்பே ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கலாம், சிறு துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்சி செய்யலாம். அப்படிச் செய்யாமல் காலை எடுத்தால், எடுத்த எலும்பையாவது கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். அடுத்து என்ன மருந்து, எவ்வளவு காலம் என்பதெல்லாம் அந்த ஒரு தாளை வைத்துத்தான் முடிவாகிறது.

காலை எடுக்கச் சொன்னதற்காக எனக்குக் கோபம் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் யாரும் அறுவைக்குப் பயந்து பின்வாங்கிவிடக் கூடாது. "வாயில்லா ஜீவனை இப்படிச் செய்யலாமா, அதன் பாட்டுக்கு விட்டுவிடு" என்று உறவினர்கள் சொன்னார்கள். எலும்பைப் புற்று அரிக்கும் வலி சாதாரண மாத்திரைக்கு அடங்காது. அரித்த எலும்பு நடக்கும்போதே முறிந்துவிடவும் கூடும். அந்த வலியை வேரோடு எடுப்பது அறுவைதான். இரவில் படுக்க முடியாமல் இடம் மாறி மாறி முனகிக்கொண்டிருந்தவன், காலை எடுத்து ஒரு வாரத்துக்குள் குறட்டை விட்டுத் தூங்கினான்.

ஏமாற்று அறுவைக்கு முன்பே தொடங்கியது. "பயப்படாதீர்கள் மேடம், காலை எடுத்து நான்கு கீமோ கொடுத்தால் முழுதாகக் குணமாகிவிடும். எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்" என்றார் மருத்துவர். 1,40,000 ரூபாய். பாதியை முன்பணமாகக் கட்டினோம். ஆஸ்டியோசார்கோமாவில் முழுக் குணம் என்று யாராவது உறுதி கொடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நோயைக் கண்டுபிடிக்கும்போதே பத்தில் ஒன்பது நாய்களுக்கு, படத்தில் தெரியாத அளவில், அது உடலின் பிற இடங்களுக்குப் போயிருக்கும் என்று கருதியே சிகிச்சை தொடங்குகிறார்கள். காலை மட்டும் எடுத்தால் பொதுவாகக் கிடைப்பது நான்கைந்து மாதங்கள். கீமோவும் சேர்ந்தால் பத்து மாதம் முதல் ஓராண்டு வரை. ஐந்தில் ஒரு நாய் இரண்டு ஆண்டுகளை எட்டும். சில நாய்கள் அதையும் தாண்டி இருக்கின்றன. இதை அப்படியே சொல்லியிருந்தாலும் நாங்கள் அறுவைக்குச் சம்மதித்திருப்போம். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்து சம்மதித்திருப்போம்.

அறுவைக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை. இந்தப் புற்று பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் நுரையீரல். அதனால் இரு பக்கமும் சாய்த்து ஒவ்வொன்று, மல்லாத்தி ஒன்று என்று மூன்று கோணங்களில் படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். அங்கே கட்டிகள் தெரிந்தால் காலை எடுப்பதா, வலியை மட்டும் அடக்குவதா என்ற முடிவே மாறலாம். நாங்கள் கேட்டபோது, "மூச்சு நன்றாகத்தானே விடுகிறான், தேவையில்லை" என்று பதில் வந்தது. கட்டி வந்த நுரையீரலோடும் நாய்கள் பல வாரம் சாதாரணமாக மூச்சு விடும்.

அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த மருந்துப் பையில் ஆன்டிபயாடிக் இருந்தது, சத்து டானிக் இருந்தது, வலிக்கு எதுவும் இல்லை. தோள்பட்டை எலும்போடு சேர்த்து ஒரு காலையே எடுத்த உடம்பு அது. தொலைபேசியில் கேட்டதற்கு, "வீட்டில் இருக்கும் வலி மாத்திரை ஒன்று கொடுங்கள்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். நமக்கான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கு மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்றவற்றை எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவர் எழுதித் தர வேண்டும். நரம்பு வலிக்குக் கபாபென்டின் சேர்ப்பார்கள். அதையும் மனிதர்களுக்கான சிரப்பாக வாங்க நேர்ந்தால் சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அது நாய்க்கு நஞ்சு. வேறொரு மருத்துவர் எழுதித் தந்த மருந்தில்தான் கருப்பன் அந்த வாரத்தைக் கடந்தான்.

இனி அந்தத் திசு அறிக்கை. பில்லில் தனி வரியாக இருந்தது: திசுப் பரிசோதனை, 6,500 ரூபாய். எப்போது வரும் என்று கேட்டபோது, எலும்பு என்பதால் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கிய பிறகுதான் சீவ முடியும், தசையைவிட நாளாகும் என்றார்கள். அது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லியே எங்களை மாதக்கணக்கில் அலையவிட்டார்கள். அடுத்து, பரிசோதனைக்கூடத்தில் ஆள் விடுப்பு. பிறகு கூரியர் தாமதம். "ரிப்போர்ட் வந்துவிட்டது, டாக்டர் பார்த்துவிட்டார், ஆஸ்டியோசார்கோமாதான், கீமோவுக்கு வாருங்கள்" என்று ஒரு நாள் அழைத்தார்கள். தாளைக் கொடுங்கள் என்றால், மின்னஞ்சலில் வரும் என்றார்கள். மின்னஞ்சல் வரவில்லை.

வரவேற்பில் வலியுறுத்திக் கேட்டபோது ஒரு பரிசோதனைக்கூடத்தின் பெயரைச் சொன்னார்கள். என் கணவர் பில்லை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனார். பொறுமையாகப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த மருத்துவமனையிலிருந்து கருப்பன் பெயரிலோ, எங்கள் பெயரிலோ, அந்த மாதத்தில் எந்த நாயின் எலும்போ வரவில்லை. திரும்பி வந்து மருத்துவரிடம் கேட்டபோதுதான், "சாம்பிள் கெட்டுப்போய்விட்டது சார், அனுப்பிப் பயனில்லை என்று விட்டுவிட்டோம்" என்றார். எடுத்த திசுவை உடனே ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போதுமான அளவில் போட்டு வைத்தால் அது கெடாது. போட்டார்களா என்பதற்கே பதில் இல்லை. எங்களை அழைத்து "ஆஸ்டியோசார்கோமாதான்" என்று சொன்னது எதைப் பார்த்து என்பதற்கும் பதில் இல்லை.

அதற்குள் முதல் கீமோ ஏற்றிவிட்டார்கள். பில்லில் "கீமோ 1" என்று மட்டும் இருந்தது. மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண் எதுவும் கிடையாது. கார்போபிளாட்டின் என்று வாய்வழியாகச் சொன்னார்கள். அந்த மருந்தை உடல் பரப்பைக் கணக்கிட்டுத்தான் கொடுப்பார்கள். சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம் என்பது பெரிய நாய்களுக்கு வழக்கமான அளவு. நாற்பது கிலோ நாய்க்குச் சுமார் 350 மில்லிகிராம் வரும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் முன்னதாக ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். கருப்பனுக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கவில்லை. அடுத்த வாரக் கடைசியில் சாப்பிடாமல் சுருண்டு படுத்தான். காய்ச்சல் 104 டிகிரிக்கு மேல். கீமோவுக்குப் பின் ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகக் கீழே இறங்கும், அப்போது காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை என்று எங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. மருத்துவமனையை அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேறு இடத்தில் சேர்த்து, டிரிப்ஸும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றிக் காப்பாற்றினார்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் விட்டார்கள். கீமோ முடிந்த சில நாள் வரை நாயின் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்து வெளியேறும். கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் கிட்டே போகக் கூடாது. எங்கள் வீட்டில் அப்போது என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கருப்பன் படுத்த இடத்தை அவள்தான் கழுவினாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மருத்துவமனைமீது வரும் ஆத்திரம் இன்னும் தணியவில்லை.

இப்போது பார்க்கும் மருத்துவர் முதல் நாளே நெஞ்சு எக்ஸ்ரே மூன்று கோணங்களிலும் எடுத்தார். நுரையீரலில் எதுவும் தெரியவில்லை. பழைய படத்தைப் பார்த்து, ஆஸ்டியோசார்கோமாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். உறுதியாகச் சொல்லத் திசு இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த அரை நிச்சயத்தை வைத்துக்கொண்டுதான் அளவைக் குறைத்து கீமோவைத் தொடர்கிறோம். ஒவ்வொரு முறையும் ரத்த அறிக்கையை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, மருந்துக் குப்பியைப் பெட்டியோடு காட்டிவிட்டு ஏற்றுகிறார். பெட்டியில் விலை அச்சிட்டிருக்கிறது. அதற்கு மேல் யாரும் வாங்கக் கூடாது.

மூன்று காலோடு எப்படி இருக்கிறான் என்று பலர் கேட்கிறார்கள். நாயின் எடையில் அறுபது சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. அதனால் முன்னங்கால் போன பெரிய நாய்க்குத் தொடக்கம் கடினம். அறுவைக்கு மறுநாளே எழுந்து நின்றான்; பழைய பெரிய துண்டை மார்புக்குக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டு போனோம். வழுவழுப்பான டைல்ஸ் தரைதான் பெரிய எதிரி. அவன் நடக்கும் வழியெல்லாம் ரப்பர் விரிப்புப் போட்டோம். நகத்தையும் பாதத்தின் அடியில் வளரும் முடியையும் குறைத்து வெட்டிவிடுகிறோம். எடை ஏறவிடக் கூடாது என்று தயிர்சாதத்தைப் பாதியாக்கியதில் மாமனாருக்கு வருத்தம்தான், ஆனாலும் ஒப்புக்கொண்டார். இப்போது தெருமுனை வரை தானே போய்வருகிறான்.

இரண்டாவது கருத்துக் கேட்க நினைப்பவர்கள் தனியார் இடங்களிலேயே சுற்ற வேண்டியதில்லை. 1903இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வேப்பேரியில் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே போனாலும் எக்ஸ்ரேயைக் கணினிக் கோப்பாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவதை ஏற்காதீர்கள்.

நாங்கள் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறோம். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவரின் நடத்தையை விசாரிக்க வேண்டிய அமைப்பு அது. கட்டணம் வாங்கிக்கொண்டு செய்த சேவை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனுக் கொடுத்திருக்கிறோம். நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. பில், பரிசோதனைக்கூடம் எழுதித் தந்த கடிதம், தொலைபேசிச் செய்திகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். உங்கள் நாய்க்கும் "சாம்பிள் கெட்டுப்போய்விட்டது" என்று எங்காவது சொல்லியிருந்தால், பில்லை எடுத்துக்கொண்டு நேரே பரிசோதனைக்கூடத்துக்குப் போய் விசாரியுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.