கைக்கு ஒன்பது, வாய்க்கு நாலு

ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் தயவு செய்து ஊகிக்கவும் வேண்டாம். குறையும் சொல்லப் போகிறேன். என் பிள்ளையை மீட்டுத் தந்தவர்களுக்கு அதனால் ஒரு வில்லங்கம் வரக் கூடாது.

நரம்பால் சாப்பாடு ஏற்றியதில் என் குறைமாதப் பிள்ளைக்கு ஈரல் களைத்த கதை இது, பார்த்தவர்களுக்குப் புள்ளியும் போடுகிறேன். நான் மானிப்பாயில் வீட்டோடு தையல் தைக்கிறவள். மகள் 29 கிழமையில் பிறந்தாள், 1 கிலோ 120 கிராம். குறைமாதப் பிள்ளைகள் பிரிவில் 53 நாள் கிடந்தோம். நடந்ததையெல்லாம் தையல் ஓடர் எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன். முன்பக்கத்தில் இடுப்பளவு, கையளவு, பின்பக்கத்தில் பிலிருபின், அதுதான் செங்கமாரியில் இரத்தத்தில் கூடும் மஞ்சள் பொருள்.

முதலில் கை வேலை. பத்துக்கு ஒன்பது. என் சின்ன விரலை விட மெலிந்த கையில், நூல் போன்ற ஒரு குழாயை நெஞ்சுக்குக் கிட்ட வரைக்கும் ஏற்றினார்கள். நான் ஊசியோடு பிழைக்கிறவள், நிதானமான கையைக் கண்டால் தெரியும். அந்தக் குழாய் 40 நாள் தாங்கியது. கை கழுவாமல் உள்ளே போக யாரையும் விடமாட்டார்கள், பெரிய டொக்டரைக் கூட ஒருமுறை திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். குழாய் வழியாகக் கிருமி போனால் அது இரத்தத்தோடு நிற்காது, ஈரலையும் பிடிக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

குடல் முற்றாத பிள்ளைக்கு வாயால் போதுமான அளவு கொடுக்க முடியாது. அதனால் சீனி, புரதம், உப்பு, விற்றமின் எல்லாம் நரம்பு வழியாக. அவர்கள் ரீபிஎன் என்பார்கள். அதோடு தனி ஊசிக்குழாயில் வெள்ளையாக ஒன்று போகும், வெளிச்சம் படாமல் வெள்ளிப் பேப்பர் சுற்றி. கண்ணாடிக்கு வெளியே நின்ற அம்மா பதறிவிட்டா. “பாலை ஏன் பிள்ளை நரம்பால ஏத்துகினம்?” பால் இல்லை, கொழுப்பு. பெரும்பாலும் சோயா எண்ணெயைத் தண்ணீரோடு கடைந்து பால் போல ஆக்கியது. வெளிச்சம் பட்டால் அது கெட்டு, பிள்ளைக்கு ஆகாத பொருட்கள் உண்டாகுமாம். பேப்பர் அதற்குத்தான். இதைச் சொன்னது ஒரு சின்ன நேர்ஸ், அதுவும் நான் மூன்று தரம் கேட்ட பிறகு.

இனி வாய், அதாவது தாய்க்கு விளக்கிச் சொல்வது. பத்துக்கு நாலு. அந்த நாலும் கடைசி நாலு கிழமைக்காகப் போட்டது.

நாலாம் நாள் என் பாலில் 1 மில்லிலீற்றர் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒன்பதாம் நாள் வயிறு ஊதியது. பால் நிறுத்தம், அன்ரிபயோரிக், பத்து நாள் முழுக்க முழுக்க நரம்புச் சாப்பாடு. பத்தொன்பதாம் நாள் மறுபடி 1 மில்லிலீற்றரில் இருந்து. இவ்வளவும் சரி. ஆனால் அந்த நாட்களில் ஒருவராவது என்னிடம், “இந்தச் சாப்பாடு இரண்டு கிழமைக்கு மேல் போனால் சில பிள்ளைகளுக்கு ஈரல் களைக்கும், நாங்கள் இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்” என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மை. கிழமைக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டால் “வழமையா எடுக்கிறது தான்.”

இருபத்து நாலாம் நாள் காலையில் பார்த்தால் பிள்ளை மஞ்சள். பழுத்த மாம்பழ மஞ்சள் இல்லை, கொஞ்சம் பச்சை கலந்த மஞ்சள். முதல் கிழமையிலும் செங்கமாரி வந்து நீல லைட்டின் கீழ் வைத்துத் தெளிந்ததால், “மிஸ்ஸி, லைட் போடேல்லையோ?” என்று கேட்டேன். “அது வேற, இது வேற” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அடுத்த நாள் றிப்போட்டில் நேரடி பிலிருபின், அதாவது ஈரல் பித்தத்தோடு வெளியே அனுப்ப வேண்டிய பங்கு, 3.8. 2க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும் என்று ரொறன்ரோவில் நேர்ஸாக இருக்கிற மச்சாள்தான் வொய்ஸ் அனுப்பினா. பக்கத்தில் நின்றவர்கள் சொல்ல வேண்டியது கடல் தாண்டி வந்தது.

அதற்கு அடுத்த நாள் மலம் புட்டுமா நிறத்தில் வெளிறிப் போனது. நப்கினை மடித்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அன்றைக்குத்தான் பெரிய டொக்டர் எங்களை இருத்திக் கதைத்தார். இருபது நிமிடம். முதல் நாளே கதைத்திருக்க வேண்டிய இருபது நிமிடம்.

அவர் சொன்னது இது: வாயால் சாப்பாடு போனால்தான் குடல் ஈரலுக்கும் பித்தப்பைக்கும் தகவல் அனுப்பும், பித்தம் ஓடும். நரம்பால் போனால் அந்தத் தகவல் இல்லை, பித்தம் ஈரலுக்குள்ளேயே தேங்கும். குறைமாத ஈரல் வேறு, முற்றாதது. சோயா எண்ணெயில் இருக்கும் தாவரக் கொழுப்புப் பொருட்கள் அந்தத் தேக்கத்தைக் கூட்டும். தேங்கிய பித்தத்தை நீல லைட் கரைக்காது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்” என்றா. டொக்டர் சிரித்துவிட்டு, அதுதான் என்றார்.

அப்போ ரீபிஎன்னை நிறுத்தலாம்தானே என்று கேட்டேன். “இப்ப நிறுத்தினால் பிள்ளை வளராது. மூளைக்கும் சாப்பாடு வேணும்” என்றார். எண்ணெயின் அளவைக் குறைத்து, பாலைக் கூட்டி, கூடிய கெதியில் குழாயைக் கழற்றுவதுதான் வழி. வெளிறிய மலத்துக்குப் பித்தக் குழாய் அடைப்பும் காரணமாக இருக்கலாம், அதைப் பிந்திக் கண்டால் ஒப்பரேஷன் பலன் குறைந்துவிடும் என்று அன்றே ஸ்கானுக்கு அனுப்பினார். பித்தப்பை தெரிந்தது, அடைப்பு என்ற சந்தேகம் குறைந்தது. சோயாவுக்குப் பதிலாக ஏற்றும் மீன் எண்ணெய்க் கரைசல் பற்றி மச்சாள் சொன்னதையும் கேட்டேன். 2018இல் அமெரிக்காவில் இந்த ஈரல் பிரச்சினை வந்த பிள்ளைகளுக்கென்றே அதை அனுமதித்தார்களாம். டொக்டர் முகம் சுழிக்கவில்லை. தனக்கும் தெரியும், ஆனால் எங்கள் பிள்ளைக்கு முதலில் பாலைப் பார்ப்போம் என்றார். கேள்வி கேட்டால் கோபிக்காத டொக்டர் எங்கள் ஊரில் அருமை. அதற்கு ஒரு புள்ளி கூட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து என் பால்தான் மருந்து. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. தாய்மார் அறையில் பால் எடுக்க இருந்த ஒரே பம்பும் பழுது, நான் இருந்த முழு நாளும் அதைத் திருத்தவில்லை. ஆறு தாய்மாருக்கு நாலு பிளாஸ்ரிக் கதிரை, மின்விசிறி சுற்றுவது அதன் இஷ்டம். கையால்தான் எடுத்தோம். இரவு இரண்டு மணிக்கு ஒரு கிளிநொச்சிப் பிள்ளையும் நானும் முதுகுக்கு முதுகு கொடுத்து இருந்து எடுப்போம். 2, 4, 7, 10 என்று மில்லிலீற்றர் ஏறுவதைக் கொப்பியில் பார்க்கலாம். பிலிருபின் உடனே இறங்கவில்லை. முப்பத்து மூன்றாம் நாள் 5.1. பால் கூடுது, இது ஏன் ஏறுது என்று அழுதேன். இறங்கக் கிழமைக் கணக்கு எடுக்கும் என்று இந்த முறை முந்தியே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்ததால் ஒரு நாள் அழுகையோடு போயிற்று.

நாற்பத்தோராம் நாள் ரீபிஎன் முற்றாக நின்றது. பித்தம் ஓடுவதற்கு ஒரு மருந்தும், எண்ணெயில் கரையும் விற்றமின்களும் எழுதித் தந்து 53ஆம் நாள் விட்டார்கள். அப்போது 1 கிலோ 940 கிராம். மூன்றாம் மாதக் கிளினிக்கில் பிலிருபின் 0.7. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி இறங்கும் என்றில்லை. குடலை வெட்டி எடுத்து, மாதக் கணக்கில் நரம்புச் சாப்பாட்டில் இருக்கும் பிள்ளைகளின் ஈரல் முற்றாகப் பழுதாகவும் கூடும். நாங்கள் தப்பினோம்.

நிர்வாகத்தில் யாராவது இதை வாசித்தால், பம்பைத் திருத்துங்கள். பிறகு தமிழில் ஒற்றைத் தாள் ஒன்று அடித்து, குழாய் போடுகிற அன்றே தாய் கையில் கொடுங்கள்: வெள்ளையாகப் போவது என்ன, இரத்தம் ஏன் எடுக்கிறோம், மலம் வெளிறினால், சலம் கடும் மஞ்சளானால் யாருக்குச் சொல்வது.

போகிற தாய்மாருக்கு: கிளினிக் நாளில் விடிய ஆறரைக்கே போனால்தான் கதிரை கிடைக்கும். நப்கின் நிறத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள், வெட்கப்படத் தேவையில்லை. என் போனில் தைத்த பிளவுசுகளுக்கு நடுவில் இன்னும் கிடக்கின்றன. கடைசிப் படத்தில் நல்ல கடுகு மஞ்சள்.