மூத்த பூனை போன பிறகு: அடுத்த பூனையா, தோட்டத்துப் பறவைகளா?

பல ஆண்டுகள் கூடவே இருந்த பூனை முதுமையில் இறந்துபோனால், துக்கம் ஆறுவதற்கு முன்பே சுற்றியிருப்பவர்கள் கேட்பது, அடுத்த குட்டியை எப்போது கொண்டுவரப் போகிறீர்கள் என்பதைத்தான். அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். இன்னொரு பூனையை வளர்ப்பது ஒரு வழி. பூனை இல்லாமல் போன தோட்டத்தைப் பறவைகளுக்கும் அணில்களுக்கும் விட்டுக்கொடுத்து, அவற்றைப் பார்த்து மகிழ்வது மற்றொரு வழி. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

மடியில் ஏறிப் படுக்கும் உடலின் சூட்டையும், நம் காலடியோசை கேட்டதும் எழுந்து வரும் உரிமையையும் எந்தப் பறவையும் தராது. இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. தனியாக வாழ்பவருக்கு அடுத்த பூனையே சரியான முடிவாக இருக்கக்கூடும். தடுப்பூசி, கருத்தடை, மணல்தட்டு, பிற்கால மருத்துவம் என்று பூனைக்குச் செலவும் வேலையும் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வீட்டுப்பூனை 15 ஆண்டுகள் வாழ்வது சாதாரணம், சில 20 ஆண்டுகளையும் எட்டுகின்றன என்பதால், குட்டியை எடுப்பவர் தம் வயதையும் அதோடு கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

விடைகொடுக்கும் முறையிலும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூத்த பூனைகளைப் பெரிதும் வாட்டுவது நாள்பட்ட சிறுநீரக நோய். தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாவதும், தடவிக்கொடுக்கும்போது முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு உடல் மெலிவதும் அதன் அடையாளங்கள். என் பூனைக்கும் அதுவே வந்தது. இனித் தேறாது என்று தெரிந்தபின் கால்நடை மருத்துவர் முதலில் மயக்க மருந்தும் அடுத்து இறுதி ஊசியும் போட்டார். உயிர் பிரிந்த பிறகும் கண்கள் மூடாமல் இருக்கும், அது இயல்புதான் என்று அவர் முன்பே சொல்லியிருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இந்த ஊசியில் பெரும்பாலும் இருக்கும் பென்டோபார்பிட்டால் என்னும் மருந்து, இறந்த உடலில் நெடுநாள் சிதையாமல் தங்கும். மேலாகப் புதைத்த உடலைத் தோண்டித் தின்னும் நரியோ கழுகோ அந்த நஞ்சாலேயே இறக்க நேரிடும். எனவே உடலை எரியூட்ட வேண்டும், இல்லையென்றால் எந்த விலங்கும் தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்: வெளியே உலவும் பூனையும் கூடு கட்டும் பறவையும் ஒரே தோட்டத்தில் நிம்மதியாக வாழ முடியாது. பூனைகள் கொல்லும் பறவைகளின் எண்ணிக்கையைப் பற்றித்தான் பலரும் பேசுவார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு வளர்ப்பவர் இல்லாத பூனைகளால் நேர்வது என்றும் அதே ஆய்வு சொல்வதால், என் பூனை அப்படியில்லை என்று ஒருவர் அதை ஒதுக்கிவிடலாம்.

ஒதுக்க முடியாதது அச்சம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடந்து, அதே 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில், பாடம்செய்த பூனையுடல் ஒன்றைக் கரும்பறவைகளின் கூடுகளுக்கு அருகில் 15 நிமிடம் மட்டும் வைத்து எடுத்தார்கள். பூனை அகன்ற பிறகும் தாய் தந்தைப் பறவைகள் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவை பதறி எழுப்பிய குரலே கூடு இருக்கும் இடத்தைக் காகங்களுக்கும் அணில்களுக்கும் காட்டிக்கொடுத்தது. அதாவது, வேட்டையாடாத பூனையும் அங்கே இருப்பதாலேயே கேடு செய்கிறது. என் பூனையின் கடைசிக் காலத்தில் இதை நான் கண்ணால் கண்டேன். எழுந்து நடக்கவே சிரமப்பட்ட அது படிக்கட்டில் வெயில் காயும் நேரம் முழுவதும், மதில்மேல் ஓர் அணில் வாலை வெட்டி வெட்டி இழுத்துக் கத்திக்கொண்டே இருக்கும். சிட்டுக்குருவி ஒன்றுகூடத் தரையில் இறங்காது.

கழுத்தில் மணி கட்டினால் போதும் என்பவர்களுக்கு எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஆய்வைச் சொல்ல வேண்டும். மணியால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் அதில் தெரியவில்லை. இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதமும், தினமும் 5 முதல் 10 நிமிடம் அவற்றோடு விளையாடியபோது 25 சதவீதமும் குறைந்தன. இவை நல்ல பலன்களே. ஆனால் அச்சத்தை அவை தொடுவதில்லை. அதைத் தொடுவது பூனையை முழுக்க வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது மட்டும்தான். அதில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. ஏறி உட்காரச் சன்னல் மேடையும், கீறுவதற்குக் கட்டையும், போதிய விளையாட்டும் இருந்தால் பூனை நன்றாகவே இருக்கும் என்று அப்படி வளர்ப்பவர்கள் சொல்வதை நம்புகிறேன்.

தோட்டத்தைப் பறவைகளுக்கு விடுவதும் பராமரிப்பு இல்லாத வேலையன்று. தானியத்தைவிடத் தண்ணீர் வைப்பதையே நான் விரும்புகிறேன். தானியம் தின்னாத, பூச்சி பிடிக்கும் பறவைகளும் தண்ணீருக்கு வரும், எலித் தொல்லையும் இல்லை. ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ. ஆழமுள்ள சொரசொரப்பான அகன்ற மண்தட்டு போதும். அக்கம்பக்கத்துப் பூனை பதுங்க முடியாதபடி அதைப் புதரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். தண்ணீரை நாள்தோறும் மாற்றி, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். விட்டால் கொசுப்புழு வைக்கும், அதைவிட மோசமாக நோயும் பரவும். பிரிட்டனில் 2005 முதல் பரவிய ட்ரைக்கோமோனாசிஸ் என்னும் ஒட்டுண்ணி நோய் கிரீன்ஃபிஞ்ச் பறவைகளின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்துவிட்டது; பறவைகள் கூடும் உணவுத் தட்டும் தண்ணீர்த் தட்டும் அது தொற்றும் இடங்களாக இருந்தன.

இந்த உழைப்புக்குக் கிடைப்பது பெரிது. குளிக்க வரும் சிட்டுக்குருவி முதலில் விளிம்பில் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். பிறகு மார்பை நீரில் அழுத்தி, இறகுகளை விசிறி, முதுகெல்லாம் தண்ணீரை வாரியடித்துக்கொள்ளும். நனைந்து பாதியாகச் சுருங்கிய உடலோடு கிளைக்குத் தாவி, ஒவ்வோர் இறகாக அலகால் கோதும். இதைப் பார்ப்பதால் பூனையின் நினைவு மறைவதில்லை. அது படுத்திருந்த படிக்கட்டில் உட்கார்ந்துதான் நானும் பார்க்கிறேன்.

பூனைதான் வேண்டும் என்று முடிவுசெய்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். காப்பகங்களில் குட்டிகளை எடுத்துச்செல்ல ஆள் இருக்கிறது, வயதான பூனைகளுக்குத்தான் இல்லை. ஓடியாடும் வேகம் தணிந்த மூத்த பூனையைப் பெரும்பாலும் வீட்டுக்குள் பழக்குவது எளிது. குட்டியானால் முதல் நாளிலிருந்தே உள்ளேயே வளர்க்கத் தொடங்க வேண்டும்.