கத்தரிக்கு எத்தனை எழுத்து? மீடியாவிக்கியுடன் 4 ஆண்டுகள்

இங்கே மொரீஷியஸில், கூர்பிப் ஊரில் தமிழ் கற்பிக்கும் தம்பி ஒருவர் போன வாரம் அழைத்தார். "அக்கா, எங்கள் பிள்ளைகளும் ஒரு விளையாட்டுக்குத் தமிழ் விக்கி தொடங்க ஆசைப்படுகிறார்கள். மீடியாவிக்கியையே எடுக்கலாமா?" விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள் அது. வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். கோபத்தில் சொன்ன சொல் அது. அவருக்கு முழுக்கதையும் தெரிய வேண்டும்.

ரோஸ் ஹில்லில் என் மாணவர்களோடு ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டுக்கு 4 ஆண்டுகளாகத் தமிழ் விக்கி நடத்துகிறேன். 2016இல் வந்த அந்த விளையாட்டில் தமிழ் கிடையாது. பிள்ளைகள் பிரெஞ்சில் விளையாடுகிறார்கள். சந்தேகம் வந்தால் தமிழில் தேடுகிறார்கள். பக்கம் எழுதுவது, படம் ஏற்றுவது, பகுப்பில் (ஒரே வகைப் பக்கங்களின் பட்டியலில்) சேர்ப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. எங்களுக்கென்று நாங்களே கட்டிய வசதிகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் மகிழ்ச்சி தந்தது. பல பக்கங்களில் பயன்படும் அச்சான வார்ப்புருவுக்குள், லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய நிரலை அழைக்கலாம் என்பதால் ஓர் அறுவடைக் கணிப்பானைச் செய்தோம். விளையாட்டில் ஒரு பருவத்துக்கு 28 நாள். பூக்கோசு விளைய 12 நாள் ஆகும். 16ஆம் நாள் நட்டால் 28இல் பறிக்கலாம், 17இல் நட்டால் பருவம் மாறிச் செடி பட்டுப்போகும். ஸ்ட்ராபெரி விதை 13ஆம் நாள் முட்டைத் திருவிழாவில் கிடைக்கிறது. அன்றே நட்டால் 21இலும் 25இலும் என இரண்டு முறை பழம். நட்ட நாளை வார்ப்புருவில் எழுதினால் போதும், பறிக்கும் நாட்கள் வரிசையாக வந்து நிற்கும். கணக்கென்றால் ஓடி ஒளியும் ஒரு பெண், கணிப்பான் காட்டியதை விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்துவிட்டு, "மிஸ், 17இல் நட்டால் ஒரு தடவைதான்!" என்று கத்தினாள். அந்த ஒரு நாளுக்காக இந்த மென்பொருளுக்கு நான் கடன்பட்டவள்.

இனி கோபம். கத்தரி என்ற சொல்லில் எத்தனை எழுத்து? க, த், த, ரி. முதல் வகுப்புப் பிள்ளையும் நான்கு என்று சொல்லும். லுவாவின் சாதாரண நீளக் கணக்கு 18 என்கிறது, ஏனென்றால் அது கணினி சேமிக்கும் சிறு அலகுகளான பைட்டுகளை எண்ணுகிறது. மீடியாவிக்கி அதற்கென்று தந்திருக்கும் ஒருங்குறி (யூனிகோடு) கருவியோ புள்ளியையும் ரி-யின் மேல்விலங்கையும் தனித்தனியாக எண்ணி 6 என்கிறது. பெட்டிக்குள் அடங்கட்டும் என்று பெயரைப் பத்து பைட்டில் வெட்டினேன். "கத்" என்பதை அடுத்து ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வந்து உட்கார்ந்தது. சரி, ஒருங்குறிக் கருவியால் முதல் இரண்டை எடு என்றேன். "கத" என்று வந்தது. புள்ளி போய்விட்டது! மெய்யை உயிர்மெய்யாக்கிவிட்ட அந்தப் பக்கத்தை என் மாணவர்கள் முன்னால் திறக்கவே கூசினேன். கடைசியில் எழுத்துகளைச் சேர்த்து எண்ணும் நிரலை நானே எழுதினேன்.

வரிசை இன்னும் மோசம். லுவா அடுக்கிய பட்டியலில் பயறுக்கு முன்னால் பனிக்கிழங்கு நின்றது. ஒருங்குறியில் ன என்பதை ந-வுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இஸ்கி என்ற பழைய இந்தியக் குறியீட்டு அடுக்கை அப்படியே எடுத்துக்கொண்டதன் விளைவு அது. நாமோ ழ, ள, ற, ன என்று முடிக்கிறோம். நெடுங்கணக்கைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, அதற்கு மாறான பட்டியலை நானே எப்படிக் காட்டுவேன்? ஒப்பிடும் நிரலை 40 வரியில் எழுதி அதையும் சரிசெய்தேன். பகுப்புப் பக்கங்களில் என் நிரல் செல்லாது. அதற்கு விக்கி இருக்கும் வழங்கியின் (சர்வரின்) அமைப்புக் கோப்பில் தமிழ் வரிசையைக் கேட்கும் ஒரு வரியைச் சேர்த்து, ஒரு பராமரிப்பு நிரலை ஒருமுறை ஓட்ட வேண்டும். அந்தக் கோப்பு எங்கள் கையில் இல்லை. இடம் தரும் நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. பகுப்புகள் இன்றும் தப்பாகவே நிற்கின்றன.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விளைபொருளின் தமிழ்ப் பெயருக்குக் கீழே எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அதன் பெயரும் வரும்படி வார்ப்புருவில் ஓர் இடம் வைத்தோம். தக்காளிக்குக் கீழே பொம்தாமூர். அதை நிரப்பப் பிள்ளைகள் வீட்டில் பாட்டிமாரைக் கேட்டு வந்தார்கள். கரும்பு என்று ஒரு பக்கத்தை ஒரு பையன் தொடங்கினான். விளையாட்டில் கரும்பே இல்லை, பீட்ரூட்டை ஆலையில் போட்டால் மூன்று சீனி கிடைக்கும் என்று நான் சொன்னபோது அவன் நம்பவில்லை. கரும்புத் தோட்டங்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை எப்படி நம்புவான்? அந்த உரையாடல் முழுவதும் சீனி பக்கத்தின் பேச்சுப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. மீடியாவிக்கி எதையும் தொலைப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், தம்பி, என் பதில் வேண்டாம் என்பதுதான். நேற்று மாலையும் பகுப்பைத் திறந்தேன். பனிக்கிழங்குதான் முன்னால் நின்றது. பிள்ளைகள் கேட்கமாட்டோம் என்றால், அமைப்புக் கோப்பைத் தொட அனுமதிக்கும் இடத்தை முதலில் பிடியுங்கள். முதல் பக்கம் எழுதுவதற்கு முன்பே அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். எழுத்தெண்ணும் நிரலையும் அந்த 40 வரியையும் இன்றிரவே அனுப்பிவைக்கிறேன்.