ரெண்டாவது பிரசவம், மருந்து கொடுத்து வலி: சென்னை லேபர் வார்டுகளின் சேவை எப்படி?

"ரெண்டாவதுதானே, சட்டுனு ஆயிடும்." சென்னை லேபர் வார்டுகளில் டாக்டர் தொடங்கி ஆயாம்மா வரை எல்லோரும் சொல்கிற வார்த்தை இது. தப்பில்லை. ஒருமுறை சுகப்பிரசவம் ஆனவருக்கு வலி வரவைத்தால் மருந்து சீக்கிரம் பிடிக்கும், சிசேரியனில் போய் முடிகிற வாய்ப்பும் குறைவு. ஆனால் சட்டென்று ஆகிற காரியத்துக்குப் பக்கத்திலேயே ஆள் வேண்டும். மருத்துவமனைக்கு மார்க் போட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏசி, டிவி, கூட வருபவருக்கு சோபா எல்லாம் அப்புறம்.

அட்மிஷனுக்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. எதற்காக வலி வரவைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சர்க்கரை, பிபி, பனிக்குடத் தண்ணீர் குறைவு, குழந்தையின் எடை ஏறாதது, பனிக்குடம் உடைந்தும் வலி வராதது இவையெல்லாம் நியாயமான காரணங்கள். "நாள் தாண்டிடுச்சு" என்றால் மட்டும் கணக்கைத் திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். மற்றபடி சிக்கல் இல்லாதவருக்கு 41 வாரம் முடிந்தபின் வலி வரவைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ரெண்டாவது குழந்தையில் இந்தக் கணக்கு அடிக்கடி சறுக்கும். மூத்த குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கரு தங்கியிருக்கும், மாதவிடாய் ஒழுங்காக வந்திருக்காது, கடைசித் தேதியும் குத்துமதிப்பாகச் சொன்னதாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன்தான் ஆதாரம். ஏழாம் மாதத்து ஸ்கேனை வைத்து தேதியை முன்னுக்குத் தள்ளி "இன்னைக்கே அட்மிட்" என்றால், அங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

நல்ல டாக்டர் இந்த இடத்தில் முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்பார். குழந்தை எத்தனை கிலோ, தையல் எவ்வளவு தூரம், ரத்தப்போக்கு அதிகமானதா, முன்பும் மருந்து கொடுத்துத்தான் வலி வந்ததா என்று பார்ப்பார். கேட்காமலே தேதி குறித்தால் அங்கேயே மார்க் குறைத்துவிடலாம். முதல் குழந்தை சிசேரியன் என்றால் விஷயமே வேறு. வலி வரவைக்கும் மிசோபிரோஸ்டால் மாத்திரை கொடுக்கவே கூடாது, பழைய தையல் விட்டுப்போகிற ஆபத்து இருக்கிறது. இனி சொல்வதெல்லாம் முதலாவது சுகப்பிரசவம் ஆனவர்களுக்கானது.

உள்ளே போனதும் கர்ப்பவாயைப் பரிசோதித்து பிஷப் ஸ்கோர் போடுவார்கள். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மெத்தென்று இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா, முன்பக்கமா பின்பக்கமா, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என ஐந்து விஷயங்கள், மொத்தம் 13 மதிப்பெண். 6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வாய் இன்னும் பழுக்கவில்லை, 8 தாண்டினால் உடம்பு தயார். ரெண்டாவது பிரசவத்தில் ஒரு சிக்கல்: வலியே இல்லாதபோதும் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். "ஏற்கெனவே திறந்திருக்கு, வலி ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்லி அவசரப்படுத்துவதில் அர்த்தமில்லை. மற்ற நான்கும் எப்படி இருக்கிறது என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதே இடத்தில் பல மருத்துவமனைகளின் வழக்கமும் தெரிந்துவிடும். யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு முதலில் ஜெல் வைப்பது ஒரு பழக்கம். கர்ப்பவாயைப் பழுக்கவைக்கும் டினோபிரோஸ்டோன் ஜெல் ஒரு டியூபில் 0.5 மில்லிகிராம் இருக்கும், கர்ப்பவாய்க்குள் வைப்பார்கள், 6 மணி நேரம் கழித்துத் தேவைப்பட்டால் இன்னொன்று, 24 மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. வாய் கெட்டியாக இருப்பவருக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஸ்கோர் 8க்கு மேல் இருக்கும் ரெண்டாவது பிரசவத்துக்கு ஜெல்லே தேவைப்படாது. வைத்தபின் ஜெல்லை முழுசாக வெளியே எடுக்கவும் முடியாது. வலி அளவுக்கு மீறி வந்தால் அடக்க ஊசிதான் போட வேண்டியிருக்கும். அதே மருந்து நாடா மாதிரி, நூல் கட்டி 10 மில்லிகிராம் அளவில் வருவதும் உண்டு. விலை கூடுதல், ஆனால் நூலைப் பிடித்து இழுத்தால் வெளியே வந்துவிடும். வேகமாகப் பிரசவிக்கக்கூடியவருக்கு அந்த ஒரு வசதிக்காகவே காசு கொடுக்கலாம். ஜெல் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. வார்டு மேசையில் ஐஸ் பேக் இல்லாமல் கிடந்த டியூபை வைக்க வந்தால் கேட்டுவிடுவது நல்லது.

மிசோபிரோஸ்டால் மாத்திரை மலிவு, நன்றாக வேலை செய்யும். அளவுதான் உயிர். வாய்வழியாக 25 மைக்ரோகிராம், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. நம் கடைகளில் 25 மைக்ரோகிராம் மாத்திரையாகவே கிடைக்கிறது. 200 மைக்ரோகிராம் மாத்திரையை பிளேடால் எட்டாக வெட்டிக் கொடுக்கிற வழக்கம் இன்னும் எங்காவது இருந்தால் அது ஏற்க முடியாதது: ஒரு துண்டில் எவ்வளவு இருக்கிறது என்று வெட்டியவருக்கே தெரியாது. ஆஸ்துமா இருப்பவர்கள் எந்த மருந்தானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஃபோலி பலூன் என்பது சிறுநீருக்குப் போடும் அதே டியூப். கர்ப்பவாய்க்கு மேலே நுழைத்து 30 மில்லிக்குக் குறையாமல் தண்ணீர் ஏற்றி ஊத வைப்பார்கள். வாய் சுமார் 3 செ.மீ. விரிந்ததும் தானாகக் கீழே விழும். மருந்தே இல்லை என்பதால் கருப்பை தாறுமாறாக இறுகும் பயம் குறைவு. ஆனால் ஏற்கெனவே ரெண்டு விரல் திறந்திருப்பவருக்கு அதனால் என்ன பயன்? உள்ளே நிற்கவே நிற்காது.

பனிக்குடத்தை உடைத்துவிட்டு டிரிப்ஸில் வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் மருந்து ஏற்றுவது, ரெண்டாவது பிரசவத்துக்கு அநேகமாகப் போதுமானது. உடைக்கிற நேரம்தான் முக்கியம். முதல் பிரசவத்தில் குழந்தையின் தலை முன்னமே இறங்கி நிற்கும், ரெண்டாவதில் வலி பிடிக்கும்வரை மேலேயே மிதந்துகொண்டிருப்பது சகஜம். அந்த நிலையில் உடைத்தால் தண்ணீரோடு சேர்ந்து தொப்புள்கொடி முன்னால் நழுவி வரலாம், அப்படியானால் நிமிடக் கணக்கில் சிசேரியன். "தலை இறங்கியிருக்கா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. உடைத்தபின் தண்ணீர் என்ன நிறம் என்று சொல்ல வேண்டும். தெளிவாக இருந்தால் நல்லது, பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மோஷன் போயிருக்கிறது, கண்காணிப்பைக் கூட்ட வேண்டும்.

டிரிப்ஸ் விஷயத்தில் பார்க்க வேண்டியது இன்ஃப்யூஷன் பம்ப் இருக்கிறதா என்பது. 5 யூனிட் ஆக்ஸிடோசினை 500 மில்லி ரிங்கர் லாக்டேட்டில் கலந்தால், 20 சொட்டு ஒரு மில்லியாகும் செட்டில் நிமிடத்துக்கு 4 சொட்டு என்பது 2 மில்லி யூனிட். அங்கே தொடங்கி அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போய், 10 நிமிடத்தில் மூன்று நான்கு வலி வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். சக்கரத்தைக் கையால் திருகி விடும் டிரிப்ஸில், அந்தம்மா கையை மடக்கினாலே சொட்டின் கணக்கு மாறிவிடும். பம்ப் இல்லாத இடம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. பம்பும் இல்லை, சொட்டு எண்ண ஆளும் இல்லை என்றால் மோசம். ஜெல் வைத்து 6 மணி நேரம் ஆகாமல் டிரிப்ஸைத் தொடங்குவது அதைவிட மோசம். நூல் கட்டியதாக இருந்தால், அதை எடுத்து அரை மணி நேரம் போதும்.

மருந்துக்கு முன்பும் பின்பும், குழந்தையின் இதயத்துடிப்பையும் வலியையும் பதிவு செய்யும் சி.டி.ஜி. பட்டை எடுக்க வேண்டும், ஆக்ஸிடோசின் ஓடும்போது தொடர்ந்து ஓட வேண்டும். 10 நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் கருப்பை ஓய்வே எடுக்கவில்லை என்று பொருள், குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறையும். அப்போது செய்ய வேண்டியது டிரிப்ஸை நிறுத்தி, இடது பக்கம் ஒருக்களிக்க வைத்து, தேவைப்பட்டால் டெர்புட்டலின் 0.25 மில்லிகிராம் ஊசி. ஆக்ஸிடோசின் நிறுத்திய சில நிமிடங்களில் வேகம் தணியும். அலாரம் அடிக்கும் மெஷினின் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுப் போவதை சேவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி ஆள் விஷயம். கர்ப்பவாய் 5 செ.மீ. திறக்கும்வரை மெதுவாகப் போகும். அதற்குப் பிறகு ரெண்டாவது பிரசவம் கிடுகிடுவென்று ஓடும், ஒரு மணி ரெண்டு மணியில் முடிந்துவிடுவதும் உண்டு. "நாலு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் செக் பண்ணுவோம்" என்கிற விதி பொதுவாகச் சரி. ஆனால் அந்தம்மா "மோஷன் வர்ற மாதிரி இருக்கு" என்று சொன்ன நொடியில் விதியை ஓரம் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், தலை கீழே வந்துவிட்டதற்கான அடையாளம் அது. பாத்ரூமுக்கு அனுப்பிவைக்கிற வார்டும், "கத்தாதீங்க, டாக்டர் வர்றதுக்கு டைம் இருக்கு" என்கிற வார்டும் ரெண்டாவது பிரசவத்துக்கு லாயக்கில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டர் மாடியிலேயே இருக்கிறாரா, அண்ணா நகரிலிருந்து காரில் வர வேண்டுமா என்பதை பகலிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் வேண்டுமென்றால் அட்மிஷனிலேயே சொல்ல வேண்டும். மயக்க மருந்து டாக்டரை வெளியிலிருந்து அழைக்கும் நர்சிங் ஹோம்களில், அவர் வருவதற்குள் குழந்தை வந்துவிடும்.

எந்த மாதிரி இடம்? சொந்த டாக்டர், நாலைந்து லேபர் கட்டில் உள்ள நர்சிங் ஹோம்களில் முகம் தெரிந்தவர் கையைப் பிடிக்கிறார், அது பெரிய விஷயம். ரத்த வங்கி, பச்சிளம் குழந்தை ஐசியு, ராத்திரி மயக்க மருந்து டாக்டர் ஆகியவை இல்லாததுதான் குறை. மகப்பேறு டாக்டர்களின் சங்கமான ஃபாக்சியின் 'மான்யதா' தரச்சான்று வாங்கிய இடங்கள் 16 விஷயங்களில் சரிபார்க்கப்பட்டவை. கேட்டுப் பார்க்கலாம். பெரிய தனியார் மருத்துவமனைகளில் எல்லாம் ஒரே கட்டிடத்தில் இருக்கும், பில்லும் அதற்கேற்ப இருக்கும். 'நார்மல் பேக்கேஜ்' என்பதில் ஒவ்வொரு ஜெல் டியூபும், ஒவ்வொரு சி.டி.ஜி. பட்டையும், பிறந்ததும் பார்க்க வரும் குழந்தை டாக்டரின் கட்டணமும் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். வலி வரவைப்பதில் பில் ஏறுவது இவற்றால்தான்.

அரசு மருத்துவமனை என்றால் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை (1844இல் தொடங்கியது), திருவல்லிக்கேணி கஸ்தூர்பா, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். சிக்கலான கேஸ்களைப் பார்த்துப் பார்த்துக் கைதேர்ந்தவர்கள், 24 மணி நேரமும் டாக்டர் வார்டிலேயே இருக்கிறார். கூட்டம்தான் விலை. தனிமை கிடைக்காது, வார்த்தைகள் சில நேரம் காரமாக விழும். கூடவே ஒரு பெண் துணையை அனுமதிக்கிறார்கள், அம்மாவோ அக்காவோ நாத்தனாரோ, ஏற்கெனவே பிள்ளை பெற்றவராக, பதறாதவராக இருந்தால் நல்லது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். ரெண்டாவது பிரசவத்துக்கும் உண்டு. கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்ததும் தரும் பிக்மி எண் எங்கே பிரசவித்தாலும் வேண்டும், அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் இழுபடும்.

சாப்பாட்டில் இன்னும் பழைய கெடுபிடி தொடர்கிறது. காலையில் ஜெல் வைத்துவிட்டு ராத்திரி வரை பட்டினி போடுவதில் நியாயமில்லை. சிசேரியன் வாய்ப்பு பெரிதாக இல்லாதவருக்கு இட்லி, இடியாப்பம், கஞ்சி, இளநீர் கொடுக்கலாம். எனிமாவும் முடி மழிப்பதும் வழக்கமாகச் செய்ய வேண்டியவை அல்ல. வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்து வலி வரவைக்கப் பார்க்காதீர்கள். பேதியாகி உடம்பு வறண்ட நிலையில் வந்து சேர்வார்கள். சூட்டு வலியா, நிஜ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் கொடுப்பது வீட்டு வழக்கம், அதோடு நிற்கட்டும். நட்சத்திரம் பார்க்கும் குடும்பங்களுக்கு ஒன்று: ஜெல் வைக்கும் நேரத்தை ராகுகாலம் தவிர்த்துக் குறிக்கலாம், பிறக்கும் நேரம் குழந்தையின் இஷ்டம். அதற்காக டிரிப்ஸை வேகப்படுத்தச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டு. ஒப்புக்கொள்ளும் டாக்டரை நம்ப வேண்டாம்.

குழந்தை வந்ததும் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடுவார்கள், அங்கேதான் கவனம் வேண்டும். பல மணி நேரம் ஆக்ஸிடோசின் ஓடிய கருப்பை சோர்ந்து, இறுகாமல் ரத்தம் போகலாம். பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி, அடுத்த ரெண்டு மணி நேரம் லேபர் வார்டிலேயே வைத்து நாடியும் பிபியும் பார்த்து, வயிற்றைத் தொட்டு கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று சோதிப்பது, இத்தனையும் செய்கிற இடத்துக்கு முழு மார்க். கட்டில் காலியாக வேண்டும் என்று அரை மணி நேரத்தில் ரூமுக்கு அனுப்பினால் பாதி. பால் கொடுக்கும்போது வயிற்றை முறுக்கும் வலி முதல் பிரசவத்தைவிட ரெண்டாவதில் பலமாகவே வரும். பயப்பட வேண்டியதில்லை, மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தாய்க்கு நெகட்டிவ் ரத்தம், குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி. முதல் முறை போட்டது போதும் என்று விட்டுவிடக் கூடாது.

டிஸ்சார்ஜ் அன்று சம்மரியில் 'நார்மல் டெலிவரி' என்று ஒற்றை வரியில் எழுதித் தருவார்கள். என்ன மருந்து, எத்தனை முறை, டிரிப்ஸ் எத்தனை மணிக்குத் தொடங்கியது, ரத்தப்போக்கு எவ்வளவு, தையல் போட்ட கிழிசல் எத்தனாவது டிகிரி என்று சேர்த்து எழுதச் சொல்லிவிட்டு, பில் கவுன்டருக்குப் போங்கள்.