சேலத்தில் வாடகை வீடு தேடி வருபவர்களே, கவனம்: 71,500 ரூபாயைப் பறிகொடுத்தவள் எழுதுகிறேன்

நேற்று மாலை வீட்டு உரிமையாளர் வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு அனுப்பினார். நான் கொடுத்த 50,000 ரூபாய் அட்வான்ஸில் எதற்கெல்லாம் கழித்திருக்கிறார் என்ற கணக்கு. வெள்ளையடிக்க 12,000. முன்கூட்டிச் சொல்லாமல் காலி செய்ததற்கு மூன்று மாத வாடகை 28,500. மோட்டார் பழுது, தொட்டி சுத்தம் செய்தது 6,500. கரண்ட் பாக்கி 4,200. கூட்டிப் பாருங்கள், 51,200 வருகிறது. ஆக, நான்தான் அவருக்கு இன்னும் 1,200 ரூபாய் தர வேண்டுமாம். "அதை நான் விட்டுக்கொடுக்கிறேன் மேடம்" என்று கீழே ஒரு பெருந்தன்மை வேறு.

சேலத்தில் கட்டுப்படியாகும் வாடகையில் பாதுகாப்பான பகுதியை எப்படிப் பார்த்துப் பிடிப்பது என்று விரிவாக எழுதித் தருவதாக, எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக வரவிருக்கும் செவிலியர்களிடம் சொல்லியிருந்தேன். பகுதி பகுதியாகப் பிரித்து எழுதும் பொறுமை இன்று எனக்கு இல்லை. முதலில் நடந்ததைச் சொல்கிறேன். அறிவுரை கடைசியில், இடமிருந்தால்.

எனக்குச் சொந்த ஊர் பரமக்குடி. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்ததும் அம்மாவையும் ஆறாம் வகுப்புக்குப் போகும் மகனையும் அழைத்துக்கொண்டு மே மாதம் வந்தேன். வாடகைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க வழியில்லை. இரண்டாவது ஷிஃப்ட் முடிய இரவு ஒன்பது ஆகிவிடும். ஆகவே எனக்குத் தேவைப்பட்டவை மூன்றே: தண்ணீர், இரவில் வீடு சேரப் பயமில்லாத தெரு, பையனுக்குப் பக்கத்தில் பள்ளி.

விசாரித்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் என்றால் வாடகை கையைக் கடிக்கும். சூரமங்கலம் ஜங்ஷனுக்குப் பக்கம், ஆனால் எனக்குச் சுற்று. அம்மாப்பேட்டையில் தறிச் சத்தம், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, குகையில் நெருக்கடி. வெளியூரிலிருந்து வருகிறவளுக்கு இதெல்லாம் குறையாகத்தான் காதில் விழும். சத்தமும் நெருக்கடியும் இருக்கிற தெருவில் ராத்திரி பத்து மணிக்கும் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் வீடு தேடித் தரும் ஒரு கைபேசிச் செயலி கண்ணில் பட்டது. பெயரைச் சொல்லப்போவதில்லை; விளம்பரம் எல்லா இடத்திலும் வருகிறது, தேடுகிறவர்களுக்குத் தானாகவே தெரியும். அதில் இந்த வீட்டுக்கு ஒரு பச்சைக் குறி போட்டு, "பாதுகாப்பான குடும்பப் பகுதி, சரிபார்க்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. வாடகை 9,500. உரிமையாளரின் எண் வேண்டுமானால் உறுப்பினர் கட்டணம் 2,500. கட்டினேன். கட்டிய சிறிது நேரத்தில் ஒரு பையன் அழைத்தான். செயலியின் சேலம் பிரதிநிதியாம். ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள் அக்கா, நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றான்.

ஏற்காடு போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு புது மனைப்பிரிவு அது. மனைப்பிரிவின் பெயரையும் எழுதவில்லை. அங்கே சொந்த வீடு கட்டிக்கொண்டு கஷ்டப்படும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். பகலில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாடிக்குப் போனால் சேர்வராயன் மலை கைக்கெட்டும் தூரத்தில். காற்று அள்ளிக்கொண்டு போனது. "பஸ் ஸ்டாண்டிலிருந்து பதினைந்து நிமிடம் அக்கா" என்றான் பையன். சேலத்துக்கு இரண்டு பஸ் ஸ்டாண்டு: வெளியூர் வண்டிகளுக்குப் புதியது, டவுன் பஸ்ஸுக்குப் பழையது. எந்தப் பஸ் ஸ்டாண்டு, பஸ்ஸிலா பைக்கிலா என்று அவனும் சொல்லவில்லை.

வரும் வழியில் தள்ளுவண்டியை நிறுத்தி என் மகனுக்குத் தட்டுவடை செட் வாங்கிக்கொடுத்தான். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்துச் சட்னி தடவித் தருவார்களே, அதுதான். மகன் வாயெல்லாம் சிவப்பாகச் சிரித்தான். 71,500 ரூபாய் பறிக்கப்போகிறவன் முப்பது ரூபாய் முதல் போட்டான்.

இதற்கெல்லாம் மசியாதவள் என் அம்மா. பரமக்குடியில் குடத்தோடு வரிசையில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பாள். இங்கும் திறந்தாள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் பிடித்துக் குடித்தாள். "தண்ணீர் இனிக்கிறதே" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் வெகுகாலம் பார்த்ததில்லை. பையன் விடவில்லை: "மேட்டூர்த் தண்ணீர் பாட்டி. 1934-இல் கட்டி முடித்த அணை, இன்றுவரைக்கும் சேலம் குடிப்பது அந்தக் காவிரியைத்தான். இது மாநகராட்சி எல்லை, இங்கே தண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது." அணையைப் பற்றி அவன் சொன்னது உண்மை. அந்த வீட்டைப் பற்றிச் சொன்னதுதான் பொய்.

அம்மா தலையாட்டியதும் அன்றைக்கே முடிந்தது. அட்வான்ஸ் 50,000. முதல் மாத வாடகை 9,500. செயலிக்குச் சேவைக் கட்டணம் என்று ஒரு மாத வாடகை, 9,500. முன்பே கட்டிய 2,500. மொத்தம் 71,500 ரூபாய். உரிமையாளர் பதினொரு மாத ஒப்பந்தத்தை முன்கூட்டியே அடித்து முத்திரைத்தாளில் வைத்திருந்தார். பதிவு செய்ய வேண்டாமா என்று கேட்டேன். "நமக்குள் எதற்கு அதெல்லாம்" என்றார். நமக்குள்ளாம்!

குடிபோன வாரத்திலேயே குழாய் நின்றது. மோட்டாரைப் போட்டால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். குக்கருக்குள் வெள்ளையாகப் படிந்தது. சோப்பு நுரைக்க மறுத்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் போய்க் கேட்டபோது அவர் பரிதாபமாகப் பார்த்தார். "ஏன் கண்ணு, நீங்கள் வீடு பார்க்க வந்த அன்றைக்குக் காலையில்தானே லாரி வந்து உங்கள் தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது? இது மாநகராட்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஊராட்சி. நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு."

ஒரு லாரித் தண்ணீரை முதலாக வைத்து ஒரு கிழவியின் தாகத்தோடு விளையாடியிருக்கிறார்கள். பணத்தை விட எனக்கு இதுதான் இன்னும் எரிகிறது.

தெருவிளக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பங்கள் இருக்கின்றன, விளக்குகள் இல்லை. பகல் பதினொரு மணிக்கு வீடு பார்க்கிறவர் யாரும் கம்பத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை, அவர்களுக்கும் அது தெரியும். டவுன் பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து உள்ளே காலி மனைகளுக்கு நடுவே நடக்க வேண்டும். இருட்டினால் அந்த மனைகளில் குடிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆட்டோக்காரர்கள் உள்ளே வரவே யோசிப்பார்கள், வந்தால் கேட்பதுதான் கூலி. பிறகு ஒரு கோடை மழை. மலையில் பெய்கிற மழை இறங்கி ஓடி ஏரிக்குப் போகிற வழியில் மனை போட்டு விற்றிருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. செருப்புகள் தெருவில் மிதந்து போயின. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையே சரிந்ததே, அப்போது இந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாம். அதே அம்மாள்தான் சொன்னார். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. "சரிபார்க்கப்பட்டது" என்று பச்சைக் குறி போட்டவர்களுக்கு மட்டும் தெரியாது.

ஒரு இரவு பைக்கில் வந்த இருவர் மெயின் ரோட்டிலிருந்து என் நடைக்கு ஈடாக மெதுவாக ஓட்டிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டைத் தாழ்ப்பாள் போட்ட பிறகும் எதிரே வண்டியை நிறுத்திவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார்கள். மறுநாளே வேறு வீடு பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

இனி நடந்ததெல்லாம் அலைக்கழிப்பு. அந்தப் பையனை அழைத்தால் "வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் அக்கா." மறுபடி அழைத்தால் ஓமலூரில் ஒரு துக்கம். அடுத்த முறை, "நான் வீட்டைக் காட்டுகிறவன் மட்டும்தான் அக்கா, பணத்தைப் பற்றி ஆபீசில் கேளுங்கள்." பிறகு வாட்ஸ்அப்பில் அவன் படம் மறைந்து வெறும் சாம்பல் வட்டம் ஆனது. தடுத்துவிட்டான். எண்ணோடு அக்கா உறவும் போயிற்று.

செயலியின் வாடிக்கையாளர் சேவையில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவழியாகக் கிடைத்த ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள். பச்சைக் குறிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். உரிமையாளரின் கைபேசி எண் சரிதானா என்று பார்த்திருக்கிறோம் என்பதற்கான குறியாம். பகுதியை யார் வந்து பார்த்தார்கள்? யாரும் இல்லை, உரிமையாளர் எழுதித் தந்ததை அப்படியே போடுவார்களாம். நான் 71,500 ரூபாய் கொடுத்திருக்கிறேனே என்றேன். "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது மேடம்" என்றாள். புரிந்து என்ன செய்ய? புகார் "பரிசீலனையில்" என்று கிடந்து, பிறகு யாரும் என்னிடம் ஒன்றும் கேட்காமலேயே "தீர்க்கப்பட்டது" என்று மாறிவிட்டது. கையோடு எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு செய்தி.

உரிமையாளர் முதலில் "வேறு ஆள் வந்ததும் தருகிறேன்" என்றார். பிறகு சுவரில் ஆணி அடித்திருக்கிறீர்கள் என்றார். சாமி படம் மாட்ட அடித்த ஒரே ஆணி. கரண்டுக்குத் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறவர் அவர். வீட்டு இணைப்புகளுக்கு அரசு தரும் இலவச யூனிட்டுகள் யார் பைக்குப் போகின்றன என்று கேட்டேன். அன்றோடு என் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார். காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு, "இது சிவில் விவகாரம் அம்மா, வக்கீலைப் பாருங்கள்" என்றார்கள். பார்த்தேன். 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. எனக்கு அது 28,500தான். 50,000 என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்ததும், வாடகை ஆணையத்தில் பதிவு வேண்டாம் என்றதும் எதற்காக என்று அப்போது விளங்கியது. வக்கீலுக்கு ஃபீஸ் தனி. அதை 71,500-இல் சேர்க்கவில்லை.

இப்போது உடன் வேலை செய்யும் அக்கா ஒருவர் மூலமாக அம்மாப்பேட்டையில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறோம். தறிச் சத்தம் இருக்கிறது. தெருவில் ஆள் இருக்கிறது. அந்த மலையடிவார வீடோ இன்று காலை மறுபடியும் செயலியில் ஏறிவிட்டது. வாடகை 10,500 ஆகிவிட்டது. பச்சைக் குறியும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் இத்தனை அவசரமாக எழுதுகிறேன்.

வருகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். வீட்டை ஒரு தடவையாவது இருட்டின பிறகு, நீங்கள் வேலை முடிந்து வரப்போகிற அதே நேரத்தில், அதே பஸ்ஸில் போய்ப் பாருங்கள். குழாயைத் திறந்து பார்த்தால் போதாது. பக்கத்து வீட்டில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள், புரோக்கர் கூட இல்லாதபோது. வீட்டு வரி ரசீதை வாங்கிப் பாருங்கள், மாநகராட்சியா ஊராட்சியா என்பது அதிலேயே இருக்கும். மழைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெருமுனைக் கடைக்காரரிடம் கேளுங்கள். கரண்ட் அட்டையில் இருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்த்து, வெள்ளையடிப்பது யார் செலவு என்பதை எழுதி வாங்கி, பதிவு செய்த பிறகு பணம் கொடுங்கள். செயலிகளின் மீது புகார் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நானும் அதில் பதிந்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. பள்ளிகளைப் பற்றியும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.