ரீபோர் செய்ததாகப் பணம் வாங்கினார்கள். சிலிண்டரைத் தொடவே இல்லை

தூத்துக்குடி வட்டாரத்தில் பைபர் வள்ளத்துக்குப் பழைய அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். ‘கம்ப்ரஷன் போய்விட்டது, ரீபோர் செய்து பிஸ்டன் மாற்ற வேண்டும்’ என்று சொல்லி ஒரு பட்டறை என்னிடம் 22,500 ரூபாய் வாங்கியது. கம்ப்ரஷன் என்றால் சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம். ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. ரசீதில் எல்லாம் மாறியிருக்கிறது. மோட்டாருக்குள், சிலிண்டர் மூடிக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட்டைத் தவிர எதுவும் மாறவில்லை.

என்னுடையது 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை. வலையும் மீனும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது இழுவை குறைந்தது. கயிறு இழுத்தால் கைக்கு எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்தது. கம்ப்ரஷன் குறைந்திருந்தது உண்மைதான். அதுவும் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் எங்களைப் போன்ற நாட்டுப் படகுக்காரர்களின் மீனுக்கு விலை கிடைக்கும். அந்த நேரத்தில் மோட்டார் படுத்தால், கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் கடலுக்குப் போகத்தான் யாரும் பார்ப்பார்கள். இது பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அங்கே சோதித்த விதத்தைக் கவனியுங்கள். மோட்டார் குளிர்ந்து கிடந்தது. ஒரு ஸ்பார்க் பிளக்கை மட்டும் கழற்றினார்கள். காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் மூடிய நிலையிலேயே இருந்தது. அழுத்தம் காட்டும் கேஜைப் பிளக் துளையில் செருகிக் கயிற்றை ஒருமுறை மெதுவாக இழுத்தார்கள். முள் 40 பி.எஸ்.ஐ.யைத் தாண்டவில்லை. “150 இருக்க வேண்டும் அண்ணே, பாருங்கள்” என்று கேஜை என் முகத்துக்கு நேரே காட்டினார் அந்த மெக்கானிக். 150 என்பது பெட்ரோல் காருக்குச் சொல்லும் கணக்கு. மண்ணெண்ணெய் அழுத்தம் கூடினால் தானே பற்றிக்கொண்டு மோட்டாரைத் தட்ட வைக்கும் எரிபொருள் என்பதால் இந்த மோட்டார்களைக் குறைந்த கம்ப்ரஷனுக்குத்தான் செய்கிறார்கள். த்ராட்டில் மூடியிருந்தால் உள்ளே காற்று போகாது. காற்று போகாத சிலிண்டரில் அழுத்தம் எங்கிருந்து வரும்? அப்படிப் பிடித்தால் நல்ல மோட்டாரும் செத்த மோட்டாராகத்தான் தெரியும். இன்னொரு சிலிண்டரை அவர்கள் பார்க்கவே இல்லை.

வேலை முடிந்து வந்த மோட்டார் சில நாள் ஓடியது, பிறகு பழைய கதை. போய்க் கேட்டபோது “புது ரிங் உட்காரும் வரை அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். ரிங் என்பது அழுத்தம் கசியாமல் அடைக்கப் பிஸ்டனைச் சுற்றிப் போடும் வளையம். ஓட ஓட இழுவை கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது.

பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்து முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் தண்ணீர் டிரம்மில் வைத்து மோட்டாரைச் சூடேற்றினார். இரண்டு பிளக்கையும் கழற்றினார். காயில் கெட்டுவிடக் கூடாது என்று பிளக் வயர்கள் இரண்டையும் பிளாக்கில் எர்த் கொடுத்தார். த்ராட்டிலை முழுவதும் திறந்துவிட்டு, முள் மேற்கொண்டு ஏறாமல் நிற்கும் வரை கயிற்றை வேகமாக இழுத்தார். மேல் சிலிண்டர் 95, கீழ் சிலிண்டர் 60. “மொத்த எண்ணைவிட வித்தியாசத்தைப் பாருங்கள் தம்பி. பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது” என்றார். கீழ் சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி மறுபடி இழுத்தார். முள் நன்றாகவே மேலே போனது. எண்ணெய் அடைத்ததும் அழுத்தம் ஏறினால் கசிவு ரிங் பக்கம். ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கினார். இரண்டு சிலிண்டருமே குறைவாகக் காட்டி, உள்ளே தண்ணீர்த் தடமும் இருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்குமாம்.

ஹெட்டைத் திறந்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. புதிதாகப் போட்டதாகச் சொன்ன பிஸ்டனின் தலையில் கரி கட்டி இறுகிப் போயிருந்தது. சில வாரம் ஓடிய பிஸ்டனில் அவ்வளவு கரி சேராது. சுரண்டித் துடைத்துப் பார்த்தோம். ரீபோர் செய்த சிலிண்டருக்குப் போடும் பிஸ்டனில் 0.25 அல்லது 0.50 (மி.மீ.) என்று பெரிய அளவுக்கான குறி பொறித்திருக்கும், இதில் ஒன்றுமில்லை. சிலிண்டர் சுவரிலும் ஹோனிங் செய்த, அதாவது கல்லால் தேய்த்துச் சீராக்கிய, குறுக்குக் கோடுகள் இல்லை, மேலிருந்து கீழாகப் பழைய கீறல்கள்தான். லேத் பட்டறையில் கொடுத்து அளந்தோம். கம்பெனி அளவு அப்படியே இருக்கிறது. கீழ் பிஸ்டனின் ரிங் கரியில் சிக்கி, பள்ளத்தைவிட்டு வெளியே வர முடியாமல் ஒட்டியிருந்தது. நோய் அவ்வளவுதான். கீறல்கள் ஆழமில்லை என்பதால் லேசாக ஹோனிங் செய்து, கரியை எடுத்து, கம்பெனி அளவிலேயே புது ரிங் போட்டார். இரண்டு சிலிண்டரும் இப்போது ஏறக்குறைய ஒரே எண் காட்டுகின்றன. முதல் பட்டறை வாங்கியதில் கால்வாசிகூடச் செலவாகவில்லை.

ஆகவே பட்டறையில் கேஜை எடுத்தால், இரண்டு பிளக்கும் வெளியே இருக்கிறதா, த்ராட்டில் திறந்திருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு எண்களையும் எழுதி வாங்குங்கள். ரீபோர் என்றால் லேத்துக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் அளவைக் கேளுங்கள், பிஸ்டனை மாட்டும் முன் அதன் தலையில் உள்ள குறியைப் போட்டோ எடுங்கள். கழற்றிய பழைய பிஸ்டனையும் ரிங்கையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான் கேட்டபோது ‘காயலான் கடைக்குப் போட்டுவிட்டோம்’ என்றார்கள். கழற்றாத பிஸ்டனை எந்தக் கடைக்குப் போட்டார்கள்?

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்யும் வேலைக்கும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. லேத்தில் அளந்த சீட்டும் ரசீதும் என்னிடம் இருக்கின்றன. இந்தத் தடைக்காலத்தில் இதே போல ரீபோருக்குப் பணம் கட்டியும் இழுவை திரும்பாதவர்கள் இருந்தால், ஹெட்டைத் திறந்து பிஸ்டன் குறியைப் பாருங்கள். குறி இல்லையென்றால் ரசீதோடு வாருங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.