ஹார்மோன் வரம்பா, மரபணுச் சோதனையா?

பெண்கள் பிரிவில் யார் ஓடலாம் என்பதற்கு உலகத் தடகள அமைப்பு இரண்டு வழிகளைக் கையாண்டிருக்கிறது.

முதலாவது ஹார்மோன் வரம்பு. 2019 விதிப்படி, திருநங்கையின் ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஓராண்டு முழுவதும் லிட்டருக்கு 5 நானோமோலுக்குக் கீழே இருந்தால் போதும். கதவு திறந்திருந்தது. ஆனால், ஆண் பருவத்தில் வளர்ந்த எலும்பின் நீளத்தை எந்த மருந்தும் குறைக்காது. பக்கத்துத் தடத்தில் ஓடும் பெண்ணின் முறையீடு நியாயமானதே. 2023இல், ஆண் பருவமடைதலைக் கடந்தவர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது.

இரண்டாவது, 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனை. கருவில் ஆண் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணு இது; வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருக்கும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் ஒருமுறை துடைத்தெடுத்தால் முடிந்தது. விதி தெளிவானது, ஆனால் வலை பெரியது. இந்த மரபணு இருந்தும் பிறந்தது முதல் பெண்ணாகவே வளர்ந்தவர்களும் அதில் சிக்குகிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இப்படிச் சிக்கிய எட்டுப் பெண்களும் பின்னர் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள்.

புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அதன் பிறகு சோதனை, ஊரெல்லாம் செய்தி, பதக்கம் பறிப்பு. புதிய முறையில் எனக்கு ஆறுதல் தருவது ஒன்றுதான்: ஓடுவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடும்.